மலையில் சிந்திய பாதரசமும் சங்கத்தின் வலிமையும்

கொடைக்கானலில் பெய்யும் மழை மலையிலேயே தங்கிவிடுவதில்லை. பாம்பாறு சோலையில் ஊறும் நீர் கும்பக்கரை அருவியாய் இறங்கிப் பெரியகுளத்துச் சமவெளியை அடைகின்றது. ஆகவே மலையில் ஒருவர் செய்யும் பிழை, கீழே உழுது பயிரிடும் அங்கத்தினரையும் தொடக்கூடும். இதனை நமக்கு உணர்த்தியது அச்சோலையின் அருகே இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் வரலாறாகும். மனித உரிமைக்கும் இயற்கைக் காப்பிற்கும் பாடுபடும் சர்வதேசத் தொண்டு ஸ்தாபனங்கள் வளரும் நாடுகளுக்கு எங்ஙனம் துணைபுரிகின்றன, அத்துணையின் எல்லை யாது என்பவற்றை ஆராய விரும்புவோர்க்கு இஃது ஏற்றதோர் உதாரணம்.

ஆலை வந்த வரலாறு

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இயங்கிய ஆலையின் இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாண்ட்ஸ் கம்பெனி தொடங்கிய அவ்வாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. அக்கம்பெனி இன்று இந்துஸ்தான் யூனிலீவர் என வழங்குகின்றது. பாதரசம் கடல் கடந்து வந்தது. செய்து முடித்த கருவிகளும் கடல் கடந்தே சென்றன. மலையில் தங்கியவை கூலியும் கழிவுமே.

பாதரசம் பார்வைக்கு வெள்ளியை ஒக்கும். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்புடையது. மணமற்ற அவ்வாவியை நெடுநாள் சுவாசிப்போரின் நரம்புகளும் சிறுநீரகங்களும் கெடும். நீரில் சேர்ந்த பாதரசம் நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய வடிவம் பெற்று மீனுக்கும், மீன் வழியாக மனிதனுக்கும் செல்லும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் மீனை உண்டோர்க்கு நேர்ந்த நோய் 1956ஆம் ஆண்டிலேயே உலகிற்குத் தெரிந்துவிட்டது. அதன் பின்னரும் இவ்வாலை இங்கு வந்தது என்பதனை அன்பர்கள் கருத வேண்டும்.

இரு கைகள் சேர்ந்தபோது

2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அளவில் கிடப்பது வெளியாயிற்று. வெளிப்படுத்தியோர், ஊராரும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் என்னும் சர்வதேச ஸ்தாபனத்தாரும் ஆவர். தன் விதிகளுக்குப் புறம்பாக அக்கழிவு விற்கப்பட்டதைக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவிற்கே திரும்பிற்று. ஏழை நாட்டில் கொட்டப்பட்ட கழிவு செல்வ நாட்டிற்குத் திரும்புவது அரிதினும் அரிது.

இதில் யார் பங்கு எவ்வளவு? எந்தச் சோலை, எந்தக் கிடங்கு, யார் உழைத்தனர் என்பதை அறிந்தோர் ஊரார். பாதரசத்தின் இயல்பை அறிந்த நிபுணரையும், வெளிநாட்டிலுள்ள தாய்க் கம்பெனியின் காதிற்கு எட்டும் குரலையும் அளித்தோர் வெளியார். இரண்டில் ஒன்று இல்லையெனில் மற்றொன்று பயன்படாது.

தொழிலாளரின் நிலை

ஆலை மூடியதும் துன்பம் தீர்ந்ததென எண்ணுதல் தவறு. வேலையை இழந்தோரும் நோய்க்கு அஞ்சியோரும் ஒருவரே. சோலையைக் காத்தல் வேறு, சோறு கிடைத்தல் வேறு என்ற கசப்பான உண்மையை அவர்கள் கண்டனர். முன்னாள் தொழிலாளர் தமக்கென ஒரு நலச் சங்கம் அமைத்து, 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளரின் உடல்நலத்திற்குக் கேடு விளையவில்லை என்றே கம்பெனி கூறி வந்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தன. 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் இளம் பாடகி பாடிய பாட்டு இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. பொறுப்பை ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில் என்றே அது கூறிற்று. ஆலை நிலத்தைத் துப்புரவு செய்கையில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு போதாதெனப் பலர் வாதிட்டனர்.

துணையின் எல்லை

வெளித்துணை மழையைப் போன்றது. சில காலம் பொழியும். சில காலம் பொய்க்கும். 2015இல் கிரீன்பீஸின் இந்தியக் கிளை அயல்நாட்டு நன்கொடை பெறும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் சென்றது. 1961இல் லண்டனில் பிறந்த ஆம்னெஸ்டி ஸ்தாபனத்தின் இந்தியக் கிளை, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் 2020 செப்டம்பரில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அவை சரியா தவறா என்பது நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. மழை பெய்யும்போது நீரைத் தேக்கக் குளம் வெட்டியிருந்தோமா என்பதே நம் கேள்வி. கொடைக்கானல் தொழிலாளர்க்கு அவர்தம் சங்கமே குளமாயிற்று. செய்தித்தாள்கள் மறந்த ஆண்டுகளிலும் அது வழக்கைக் கைவிடவில்லை.

நாம் செய்யத்தக்கவை

மலைப்பூண்டும் காரட்டும் விளைவிப்போர் பூச்சிமருந்தைக் கையாள்கின்றனர். நெசவாளர் சாயத்தில் கை நனைக்கின்றனர். நாளை ஒருவர் நோயுற்றால், எம்மருந்து, எப்போது, எவ்வளவு என்று சொல்ல நம்மிடம் சான்று உண்டா? ஒவ்வொரு சங்கமும் சரக்கு இருப்புப் பதிவேட்டுடன் மருந்து, சாயம் ஆகியவற்றின் பெயரையும் வாங்கிய நாளையும் குறித்து வைத்தல் நன்று. அங்கத்தினர் தத்தம் மருத்துவச் சீட்டுகளைத் தாமே பாதுகாத்தல் வேண்டும். கழிவு எங்கே செல்கிறது என்பது பொதுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளப்படட்டும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி, 2018இல் இந்தியாவாலும் ஏற்கப்பட்டது. உலகம் சட்டம் செய்யும். தொண்டர் தோள் கொடுப்பர். எனினும் தேர்வடத்தை முதலில் பிடிக்க வேண்டியவர் ஊராரே. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது.