உங்களுக்குத் தெரியுமா? விருந்தில் கரைந்த அரிய பறவை

பார்க்க ஏங்கிய பறவையையே சார்லஸ் டார்வின் அறியாமல் சாப்பிட்டிருக்கிறார்! ரியா என்பது நெருப்புக்கோழியைப் போலப் பறக்க இயலாத தென் அமெரிக்கப் பறவை. அதில் சிறிய வகை ஒன்றும் உண்டு, அதன் முட்டையில் இளநீலச் சாயல் தெரியும் என்று ரியோ நீக்ரோ பகுதியின் மாடு மேய்ப்பர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பிறகு படகோனியாவின் போர்ட் டிசையரில், டார்வின் பயணித்த பீகிள் கப்பலின் ஓவியர் கான்ராட் மார்ட்டென்ஸ் ஒரு ரியாவைச் சுட்டு வந்தார். முழுதாக வளராத பெரிய வகை என்றே டார்வின் எண்ணினார். மேய்ப்பர்கள் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் பறவையைச் சமைத்துச் சாப்பிட்டாகிவிட்டது. நல்லவேளை, தலை, கழுத்து, கால்கள், இறக்கைகள், தோலின் பெரும்பகுதி எல்லாம் மிஞ்சியிருந்தன. அவற்றைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் அதைத் தனி இனமாக விவரித்து, டார்வினின் பெயரையே சூட்டினார். ஆனால் பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பிஞி 1834இலேயே பெயரிட்டுவிட்டதால், அவர் வைத்த ‘ரியா பென்னாட்டா’தான் இன்றும் அதன் அறிவியல் பெயர்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே இரண்டையும் பிரித்தறிந்தவர்கள் அந்த மேய்ப்பர்கள்தாம். அந்தப் பெருமை அவர்களுக்கும் சேர வேண்டும்.