பழைய வீட்டு அடுக்களையும் புறவாசலும்: கோட்டுகால் வட்டார வீடுகளைப் புதுப்பிக்கும் முறை

ஊரை விட்டு வந்தாலும் ஊரில் நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்பது நம்மில் பலருக்கும் பெரிய தெம்பு. நெய்யாற்றின்கரை தாலுகாவில், விழிஞ்ஞத்தை அடுத்த கோட்டுகால் தொடங்கி பாறசாலை எல்லை வரையிலான ஊர்களில் பழைய ஓட்டு வீடுகளை இன்றும் காணலாம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் எல்லைக்கு இரு பக்கமும் வீட்டுக்கட்டு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் பூமுகம், உள்ளே முற்றம், பின்னால் அடுக்களை, அதையொட்டிக் கிணறு. இதே தச்சுமுறை பெரிய அளவில் எப்படி இருக்கும் என்பதற்குத் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை சாட்சி.

இந்த வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் குடும்பத்தில் இரண்டு கட்சி. "இடிச்சுப் போட்டு புதுசா கட்டலாமே" என்பார்கள் பிள்ளைகள். "இருக்கிறபடியே இருக்கட்டும்" என்பார்கள் பெரியவர்கள். அங்கே தினமும் சமைக்கிறவர் பாட்டை இரு கட்சியும் நினைப்பதில்லை. குனிந்து ஊதி, கண் எரிந்து சமைத்த அடுக்களை மாறத்தான் வேண்டும். ஆனால் மண்சுவரும் மரக்கூரையும் எப்படி உலர்ந்து நிலைத்தன என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

புகை செய்த வேலை

விறகுப் புகை நம் பெண்களின் நெஞ்சையும் கண்ணையும் கெடுத்தது உண்மை. அதே புகைதான் கூரை மரத்தை உலர்த்தி, பூச்சி அண்டாமலும் வைத்திருந்தது. 1980-களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய புகையில்லா அடுப்பு, குழாய் வழியாகப் புகையை வெளியே அனுப்பியது. பின்பு காஸ் வந்தது. புகை நின்ற அடுக்களையில் மழைக்காலம் வந்தால் மரம் ஈரம் கோத்து, வண்டும் கரையானும் ஏற வழி பிறக்கிறது.

எனவே காஸ் அடுப்பு வைக்குமுன் ஓட்டைப் பிரித்து ஆசாரியைக் கொண்டு கைமரங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். செல்லரித்த நுனியை மட்டும் வெட்டிப் புதுமரம் இணைக்கலாம். மீதி மரத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெயோ, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலோ பூசலாம். தோட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கையுறை போட்டுப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே புழங்க வேண்டும். இரண்டு கண்ணாடி ஓடு பதித்தால் பகல் விளக்கே வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். புகை மேலே போகும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பழைய அடுக்களைக்குப் போக்கு உயரத்தில்தான் இருக்கும். ஆகவே தரையோடு ஒட்டி வெளிப்புறம் திறக்கும் கம்பிவலைத் துவாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கவே கூடாது.

சுவருக்கு மூச்சு வேண்டும்

மண்ணும் வெட்டுகல்லும் கொண்ட சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். சில மழைக்காலத்திலேயே பூச்சு பொருமி உதிரும். டைல்ஸ் வேண்டுமென்றால் அடுப்பும் தொட்டியும் உள்ள பக்கம் மட்டும் இரண்டடி உயரத்துக்கு ஒட்டுங்கள். மற்றதற்குச் சுண்ணாம்பே போதும்.

நின்று சமைக்கும் மேடை சுமார் 33 அங்குல உயரம் இருக்கலாம்; சமைக்கிறவர் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதே கணக்கு. மேடைக் கல்லைச் சுவரில் குடைந்து ஏற்றாமல், செங்கல் கால் கட்டித் தனியே நிறுத்துங்கள். தண்ணீர்க் குழாயும் சுவருக்கு வெளியே ஓடட்டும். 1000 லிட்டர் தண்ணீர் என்றால் 1000 கிலோ எடை. தண்ணீர்த் தொட்டியைப் பழைய சுவர்மேல் வைக்காமல் தனித்தூண்மேல் வைப்பதே பத்திரம்.

புறவாசல்

அமெரிக்கா, கனடா போன இடங்களில் சேற்றுக் காலோடு நுழைய 'மட் ரூம்' என்று ஓர் அறை இருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பூமுகத்தில் கிண்டித் தண்ணீரால் கால் கழுவிய நமக்கு அது புதிதல்ல. நம் பக்கத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டுக்கு இரண்டு முறை சேறு. அடுக்களைக்குப் பின்னால் ஐந்தடி அகலச் சாய்ப்பு இறக்கினால் போதும். குழாய், குடை, செருப்பு, மம்பட்டி, பள்ளிக்கூடப் பை எல்லாம் அங்கே தங்கும். தரை சொரசொரப்பான கல்லாக, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். உட்கார்ந்து செருப்பு கழற்ற ஒரு திண்ணையும், பிடித்து ஏறக் கைப்பிடியும், ஆறு அங்குலத்துக்கு மேற்படாத படியும் வயதானவர்களுக்காக. பழைய விறகடுப்பையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். நெல் அவிக்கவும் பொங்கலுக்கும் உதவும்.

வேலையின் வரிசை இதுதான்: முதலில் கூரை, பிறகு மழைநீர் வடிகால், பிறகு சுவர், கடைசியில் மேடை. பலர் மேடையில் தொடங்கி, கூரைக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்து நிற்கிறார்கள். பங்காளிகள் பலர் பேரில் வீடு இருந்தால் ஓடு பிரிக்கும் முன்னே எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். விடுமுறையில் பத்து நாள் போய்த் தங்கும் நமக்கு வசதியா என்று பார்ப்பதைவிட, வருஷம் முழுக்க அங்கே விளக்கேற்றி இருக்கிறவரிடம் எது எது எங்கே வேண்டும் என்று கேட்டு, அதன்படி செய்யுங்கள்.