குடி மாறும் காலம் – 11: சுவரைப் பாருங்கள், பிறகு பில்லைப் பாருங்கள்

வீடு மாறுகிற மாதத்தில் பர்ஸ் திறந்தேதான் இருக்கும். புரோக்கர் கமிஷன், வேன் வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. இந்தக் கூட்டத்தில் டெலிபோன் பில்லில் வரும் ஆயிரத்தைந்நூறு கண்ணில் படாமலே போய்விடும்.

எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியருக்குப் பட்டுவிட்டது. பழைய வீட்டு லேண்ட்லைனையும் இணையத்தையும் இங்கே மாற்றித் தரச் சொல்லியிருந்தார். "ஷிஃப்டிங்தானே சார், பணம் கிடையாது" என்றது வாடிக்கையாளர் மையம். முதல் பில்லில் இன்ஸ்டலேஷன் 1,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 270. கேட்டதற்கு, "ஏரியா மாறிடுச்சு, சிஸ்டத்துல புது கனெக்‌ஷன்னுதான் காட்டுது."

நான் அவரைப் பார்க்கச் சொன்னது சுவரை. கம்பத்திலிருந்து புதிதாக ஃபைபர் இழுத்து, ஸ்ப்ளைசிங் செய்து, பெட்டி மாட்டியிருந்தால் கேபிள் செலவும் ஆள் கூலியும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லியும் இருந்தால் கொடுப்பதுதான் நியாயம், சண்டை வேண்டாம். இங்கோ முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கேபிள் ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்த பையன், இவர் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் அதைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். செப்புக் கம்பிக் காலத்திலும் இப்படித்தான்: வீடுவரை கம்பி இருந்தால், எக்ஸ்சேஞ்சில் ஜம்பரை மாற்றினாலே டயல் டோன் வந்துவிடும்.

ஆகவே புகாரில் 'அநியாயம், அக்கிரமம்' எல்லாம் வேண்டாம். எந்த வேலைக்கு இந்த 1,500? எந்தத் தேதியில், எத்தனை மீட்டர் கேபிள் போட்டீர்கள்? இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். சுவரைப் படம் எடுத்து இணையுங்கள். தகராறில்லாத மாதக் கட்டணத்தை மட்டும் தவணைக்குள் கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் பேச்சு பாக்கியைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுவோம் என்பார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. ஆனால் அது 2012-இல் கொண்டுவந்த விதிமுறை கையில் இருக்கிறது: ஒவ்வொரு நிறுவனமும் புகாருக்கு எண் தர வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. சொந்த வீட்டுப் பஞ்சாயத்துதான், என்றாலும் அந்தத் தாள்கள் பின்னால் உதவும்.

அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். இந்தக் கதவு நடுவில் மூடிக் கிடந்தது. கோழிக்கோட்டில் இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒருவருக்கு நுகர்வோர் மன்றம் 5,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவு நடுவரிடம்தான் போகச் சொல்கிறது, நுகர்வோர் மன்றத்துக்கு இடமில்லை என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. அந்த நடுவரை நியமிப்பது மத்திய அரசு. எந்தச் சாமானியன் போவான்? பிறகு அகமதாபாத்தில் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டிவந்தவருக்கு ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் வந்தது. அந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம் என்று திறந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டிருக்கிறது.

குடி மாறியவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இன்னொரு சௌகரியம்: இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய ஊருக்குப் பஸ் ஏற வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைத்துப் பார்க்கலாம்.

தபால்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேல்முறையீட்டிலேயே 1,500-ஐ அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள். 270-ஐக் கழிக்கவில்லை. இல்லாத வேலைக்கு வரி மட்டும் எப்படி என்று மறுபடி எழுதியிருக்கிறார். புதிய புகார் எண் வந்திருக்கிறது.

(அடுத்த வாரம்: கேஸ் சிலிண்டர் முகவரி மாற்றம்)