பெயரில் ஒரு குற்றும் குறையாமல்...
சட்டையில் எழுத்துப் பதிக்கும் கைவேலை பற்றிச் சில குறிப்புகள்

கோடை பிறந்துவிட்டால் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் கூடும் மைதானங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழாக்கள், ஊர் ஒன்றியங்களின் ஒன்றுகூடல்கள், மறைந்தவர்களின் பெயரால் நடைபெறும் நினைவுக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் என வார இறுதி நாட்கள் நிரம்பிவிடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் சீருடை வேண்டும். சீருடையின் நெஞ்சில் கழகத்தின் பெயரும், முதுகில் இலக்கமும், இலக்கத்துக்கு மேலே ஆடுபவரின் பெயரும் வேண்டும்.

சட்டையில் இலக்கம் எழுதும் வழக்கம் இங்கிலாந்தில் 1928ஆம் ஆண்டு ஆர்சனல், செல்சி ஆகிய கழகங்கள் ஆடிய லீக் ஆட்டங்களிலே தலைகாட்டியது. 1939இல் அங்குள்ள லீக் போட்டிகளில் அது கட்டாயமாயிற்று. வீரரின் பெயரையும் நிலையான இலக்கத்தையும் முதுகில் எழுதும் முறையைப் பிரீமியர் லீக் 1993இல் கொண்டுவந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த எமது பிள்ளைகள் தமது பெயரும் முதுகில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் வியப்பில்லை.

எம்மவருக்கு இதில் இன்னொரு பொருளும் உண்டு. அகதித் தஞ்சம் கோரி வந்த நாள் முதல் எமது பெயர்கள் பட்டுவரும் பாடு நாம் அறிந்ததே. தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிறது. சொந்தப் பெயர் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காமல் பாதியில் அறுபடுகிறது. அந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலே முழுமையாக எழுதி வெளியில் அணிந்து செல்லக் கிடைக்கும் இடம் விளையாட்டுச் சட்டை ஒன்றுதான் என்றாலும் மிகையில்லை. ஆகவே அதைப் பிழையின்றி எழுதுவது சிறிய காரியம் அல்ல.

இதைச் சொல்லும் தகுதி இக்கட்டுரையை எழுதுபவருக்குத் தமது பிழை ஒன்றினாலேயே வாய்த்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நினைவுக் கிண்ணப் போட்டி ஒன்றுக்காகப் பதினைந்து சட்டைகளைச் சமையலறை மேசையில் வைத்து நாமே பதித்துக் கொடுத்தோம். நெஞ்சின் குறுக்கே மறைந்த இளைஞரின் பெயர். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. மறுநாள் மைதானத்தில் அணி வரிசையாக நின்றபோது அந்த இளைஞரின் தந்தையார் ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பையனின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி, "தம்பி, பெயரிலை ஒரு குற்றைக் காணேல்லை" என்றார். அதன் பின்னர் எண்ணிப் பார்த்தோம். நான்கு சட்டைகளில் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி இல்லை. "பரவாயில்லை, பெடியள் விளையாடட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். எமக்கோ அன்று முழுவதும் பந்தைப் பார்க்க மனம் வரவில்லை.

அந்த நான்கு புள்ளிகள் எங்கே போயின என்பதை விளக்கப் புகுந்தால் இந்த வேலை முழுவதையும் விளக்கவேண்டி வரும்.

வினைல் தாளின் அமைப்பு

வெப்பத்தால் ஒட்டும் வினைல் என்பது மூன்று படைகள் கொண்டது. மேலே ஒளி ஊடுருவும் தாங்கு தாள். நடுவே நிறமுள்ள மெல்லிய படலம். அடியிலே வெப்பம் பட்டால் இளகும் பசை. வினைல் என்ற பெயர் நிலைத்துவிட்ட போதிலும் இன்று ஆடைகளுக்குப் பயன்படும் தாள்கள் பல பொலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனவை. அது மெல்லியது, துணியோடு வளைந்து கொடுப்பது.

தாங்கு தாள் கீழேயும் பசைப்பக்கம் மேலேயும் இருக்கும்படி தாளை வெட்டும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். கத்தி பசையையும் படலத்தையும் வெட்டித் தாங்கு தாளில் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து வெட்டுவதனால், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிய பின்னரே வெட்டக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் முதற்பிழை இதை மறப்பதே.

கணினியில் கவனிக்க வேண்டியவை

தமிழ் எழுத்துக்கு இங்கே தனிப்பட்ட சிக்கல்கள் உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குவியலே தெரியும். ஒருங்குறியில் எழுதினாலும், வெட்டும் இயந்திரங்களோடு வரும் செயலிகளிற் சில தமிழைச் சரிவரக் கோக்கமாட்டா. "கொ" என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் அரவு வேறிடத்திலுமாகச் சிதறும். எனவே தமிழை ஒழுங்காகக் காட்டும் வேறு செயலியில் பெயரை எழுதி, எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றிய பின்னர் கொண்டுவருவதே பாதுகாப்பு.

அடுத்து, எழுத்தும் அதன் விசிறியும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களை ஒரே உருவமாக இணைத்துவிட வேண்டும். இல்லாவிடின் கத்தி இரண்டின் விளிம்பையும் தனித்தனியே வெட்டி எழுத்தைத் துண்டாக்கிவிடும். பருமனான எழுத்துருவையே தெரிவு செய்யுங்கள். புள்ளி நடுவே வெறுமையான வளையமாக இருந்தால் அதை நிரம்பிய வட்டமாக மாற்றுங்கள். புள்ளியின் குறுக்களவு மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது எமது அனுபவம்.

களையெடுப்பு

வெட்டி முடிந்ததும் எழுத்தல்லாத பகுதியை உரித்து நீக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வேலைக்குக் களையெடுப்பு என்ற பொருள்தரும் சொல்லே வழங்குகிறது. வெங்காயத் தறையில் புல்லைப் பிடுங்கும்போது நாற்றும் கூட வந்துவிடாமல் எமது பெற்றோர் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ, அதே கவனம் இங்கும் வேண்டும். வளைந்த ஊசிமுனைக் கொக்கியால் ஒரு மூலையைத் தூக்கி, தாளோடு சாய்வாக மெல்ல இழுக்க வேண்டும்.

புள்ளி தொலைவது இந்த இடத்திலேதான். எழுத்தோடு தொடர்பற்றுத் தனித்தீவாக நிற்கும் அது, உரிபடும் கழிவோடு சேர்ந்து எழுந்து போய்விடும். பெயர் இடம் வலம் மாறித் தெரிவதால் கண்ணும் அதை வாசிப்பதில்லை, குறை புலப்படுவதில்லை. எமது நான்கு புள்ளிகளும் இவ்வாறே குப்பைக்குப் போயின. இப்போது நாம் செய்வது இதுதான்: களையெடுத்து முடிந்ததும் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, நேராகத் தெரியும் பக்கத்திலிருந்து பெயரை வாய்விட்டு வாசிக்கிறோம். பின்னர் புள்ளிகளை எண்ணுகிறோம். தாங்கு தாளில் இலேசான ஒட்டுத்தன்மை உண்டு. ஆகவே விழுந்த புள்ளியைக் கழிவிலிருந்து தேடி எடுத்து உரிய இடத்தில் மீண்டும் பொருத்தலாம்.

நடுக்கோடு எங்கே?

சட்டையை மேசையில் விரித்துக் கண்மதிப்பாக வைத்தால் அநேகமாகக் கோணலாகவே அமையும். பக்கத் தையலை நம்புவதும் தவறு. மலிவான சட்டைகளில் அது முறுகியிருக்கும், சிலவற்றில் பக்கத் தையலே இராது. தோளோடு தோளும் கையோடு கையும் பொருந்தச் சட்டையை நெடுக்காக இரண்டாய் மடித்து, மடிப்பின்மேல் மின்னழுத்தியை ஒருமுறை இலேசாக வையுங்கள். விரித்ததும் தெரியும் மடிப்பே நடுக்கோடு. வெட்டிய உருவத் தாளின் நடுவையும் அளந்து குறித்து இரண்டையும் பொருத்துங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளவுநாடாவைப் பிடித்தால் குறுக்குக்கோடும் கிடைத்துவிடும்.

வளர்ந்தோரின் சட்டையில் நெஞ்சு எழுத்து கழுத்து விளிம்பிலிருந்து ஏழு அல்லது எட்டுச் சென்ரிமீற்றர் கீழே தொடங்கலாம். சிறுவருக்கு நான்கு அல்லது ஐந்து போதும். இடது நெஞ்சுச் சின்னத்தின் மையம் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறையப் பத்துச் சென்ரிமீற்றர் தள்ளி, அக்குள் மட்டத்தில் அமைவது வழக்கம். முதுகு இலக்கம் இருபது முதல் இருபத்தைந்து சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் மைதானத்தின் மறுகரையிலிருந்தும் தெரியும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு பெயரில் புள்ளி மேலே நிற்கும். இன்னொன்றில் "கு", "மு" போன்றவற்றின் கால் கீழே இறங்கும். மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ அளந்து வைத்தால் அணி வரிசையாக நிற்கையில் பெயர்கள் ஏறியும் இறங்கியும் தெரியும். எழுத்தின் உடல் நிற்கும் அடிக்கோட்டையே எல்லாச் சட்டையிலும் ஒரே உயரத்தில் அமைக்க வேண்டும். இதற்கெனத் தடித்த அட்டையில் கழுத்து வளைவையும் அடிக்கோட்டையும் வெட்டி வைத்துக்கொண்டால் பதினைந்து சட்டைக்கும் அது ஒன்றே அளவுகோலாகும்.

சூடு, அழுத்தம், நேரம்

முதலில் வெறும் சட்டையை மூன்று செக்கன் அழுத்தி ஈரத்தையும் சுருக்கத்தையும் போக்குங்கள். சாதாரணப் பொலியூரித்தேன் தாளுக்கு 150 முதல் 160 பாகை செல்சியஸ் வெப்பமும் நடுத்தர அழுத்தமும் 10 முதல் 15 செக்கன் நேரமும் பொதுவான அளவு. எனினும் தாளுக்குத் தாள் இது வேறுபடும். விற்பவர் தரும் குறிப்பே முடிவானது. தாங்கு தாளைச் சூட்டோடு உரிப்பதா ஆறிய பின் உரிப்பதா என்பதும் அக்குறிப்பிலேயே இருக்கும்.

பொலியெஸ்ரர் சட்டையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதிக வெப்பத்தில் துணியின் சாயம் ஆவியாகி மேலேறி, சிவப்புச் சட்டையின் வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதற்கெனக் குறைந்த வெப்பத்தில் ஒட்டும் தாள்கள் உண்டு. மழை அங்கி போன்ற நைலோன் துணிக்கும் தனித்தாள் வேண்டும். பொத்தானும் தடித்த தையலும் இருந்தால் அழுத்தம் எங்கும் சமமாக விழாது. உள்ளே சிறிய தலையணை ஒன்றை வைத்து அச்சிடும் பகுதியை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு நிறம் பதிப்பதாயின் முதற்படையை இரண்டு மூன்று செக்கன் மட்டும் ஒட்டுங்கள். அதை முழுநேரம் சுட்டால் படலம் சற்றுச் சுருங்கி, மேலே வரும் படை பொருந்தாமற் போகும். இறுதிப் படையோடுதான் முழுநேர அழுத்தம்.

வெப்ப அழுத்தி வாங்க வசதியில்லாதோர் வீட்டு மின்னழுத்தியாலும் செய்யலாம். நீராவியை நிறுத்திவிடுங்கள். மெத்தென்ற பலகையை விட்டுக் கடினமான மேசையில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, மேலே பேக்கிங் தாளை வைத்து, தேய்க்காமல் ஓரிடத்தில் அழுத்தி எடுத்து அடுத்த இடத்துக்கு நகருங்கள். வெப்ப அழுத்தி அதிக மின்சாரம் உறிஞ்சுவது. கொதிகேத்தலோடு ஒரே நீட்சி வடத்தில் அதைச் செருகாதீர்கள். பிள்ளைகள் உறங்கிய பின்னர் வேலை செய்வது வழக்கமாயின், யன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும், முடிந்ததும் செருகியைக் கழற்றுவதும் வழக்கமாகட்டும்.

சலவையும் திருத்தமும்

பதித்த சட்டையை ஒருநாள் கழித்தே துவைக்க வேண்டும். உட்புறம் வெளியே திருப்பி, மிதமான நீரில், வெளிற்றும் இரசாயனம் சேர்க்காமல் துவைத்தால் எழுத்து நெடுநாள் நிலைக்கும். நேரே எழுத்தின்மேல் மின்னழுத்தியை வைக்கக் கூடாது. பிழையாகப் பதித்ததை மீண்டும் சூடாக்கி இடுக்கியால் உரிக்கலாம். ஆனாற் பசையின் கறை பெரும்பாலும் எஞ்சும். ஆகவே திருத்தம் செய்ய வேண்டிய இடம் தாள், துணி அல்ல.

வருமானம் பற்றி ஒரு சொல்

சிறு முதலோடு வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை இது என்பதால் பலருக்கு இதில் நாட்டம் உண்டு. ஆனால் தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள் அவசரப்படலாகாது. பிரித்தானியாவில் அத்தகையோருக்கு ஊதிய வேலை மட்டுமன்றிச் சொந்தத் தொழிலும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பணம் வாங்குமுன் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள். புகழ்பெற்ற கழகங்களின் சின்னத்தையோ கார்ட்டூன் உருவத்தையோ அனுமதியின்றிப் பதித்து விற்பதும் குற்றமே. எமது கழகத்துக்கும் எமது பிள்ளைகளின் பெயருக்கும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மறு ஆண்டும் அதே போட்டிக்குச் சட்டைகள் எம்மிடமே வந்தன. இம்முறை ஒருவர் வெட்ட, வீட்டிலுள்ள இன்னொருவர் வாசித்து எண்ணினார். நள்ளிரவுக்குப் பின்னர் வேலை செய்வதில்லை என்றும் தீர்மானித்திருந்தோம். மைதானத்தில் அந்தத் தந்தையார் வழக்கம்போல் வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நடந்தார். எவர் முன்னாலும் நிற்கவில்லை. கடைசிப் பையனின் தோளைத் தட்டிவிட்டுப் போய்க் கதிரையில் அமர்ந்தார். நாமும் அன்று ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தோம்.