அடிமுடி தேடிய கதையில் அப்பர் கண்டது

திருவண்ணாமலையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அடிமுடி தேடிய கதையில் வந்து நிற்கும். தம்முள் யார் பெரியவர் என்று பிரமனுக்கும் திருமாலுக்கும் வழக்கு மூண்டது. இருவருக்கும் நடுவே ஒரு நெருப்புத் தூண் எழுந்தது. அன்னமாகி மேலே பறந்த பிரமனும், பன்றியாகி நிலத்தை அகழ்ந்து சென்ற திருமாலும் எல்லை காணாமல் திரும்பினர். அந்த நெருப்பே குளிர்ந்து மலையாக நின்றது. இவ்வளவும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே, அது என்ன சொல்கிறது என்று நாம் நின்று கேட்பதில்லை.

கேட்பவர்களும் இரண்டு விடைகளோடு நிறுத்திக் கொள்கின்றனர். எங்கள் கடவுளே பெரியவர் என்று சைவர் சொல்லிக் கொண்ட கதை இது என்பது ஒரு விடை. அன்றைய சைவ, வைணவப் பூசலின் எச்சம், இன்று இதற்குப் பொருளில்லை என்பது மற்றொன்று. பூசல் இருந்தது உண்மைதான். சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட பிரமனின் கபாலம் திருமாலின் அருளால்தான் நீங்கியது என்று வைணவமும் திருக்கண்டியூரில் தன் பங்குக்கு ஒரு கதை வைத்திருக்கிறது. ஆனால், அதே அண்ணாமலையார் கோயிலுக்குள் வேணுகோபாலருக்கும் சந்நிதி இருக்கிறது. பூசலை மட்டும் கொண்டு இக்கதையை அளந்தால் பாதிதான் கிடைக்கும்.

சிவமகாபுராணத்தின் வித்தியேசுவர சங்கிதை இக்கதையைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே திருமால் அடியைக் காணவில்லை என்று உண்மையை ஒப்புக்கொள்கிறார்; அதற்காகச் சிறப்பிக்கப்படுகிறார். பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக அழைத்து வந்து, முடியைக் கண்டதாகச் சொல்கிறார். அதற்காகத் தண்டனை பெறுகிறார். காணாதது குற்றமன்று, கண்டதாகச் சொன்னதே குற்றம். சிவ பூசைக்குத் தாழம்பூ ஆகாது என்று நம் பாட்டிமார் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பொய்ச்சாட்சியின் நினைவுதான்.

சோழர் காலக் கோயில்களில் கருவறையின் மேற்குப் புறச் சுவரில், மாடத்துக்குள் லிங்கோத்பவர் நிற்பார். வலம் வரும்போது கருவறைக்கு நேர் பின்னால் காணலாம். பெரும்பாலோர் வேகமாகக் கடந்து போகும் இடம் அது. ஒரு தூண், அதன் நடுவே பிளவு, பிளவுக்குள் இறைவனின் உருவம். மேலே சிறிதாக ஓர் அன்னம், கீழே ஒரு பன்றி. அந்த உருவத்தின் பாதங்கள் தூணுக்குள் மறைந்திருக்கும். சடைமுடியின் உச்சியும் மறைந்திருக்கும். சிற்பியிடமும் அடியும் முடியும் அகப்படவில்லை.

தமிழில் இக்கதையை மிகுதியாகப் பாடியவர் ஞானசம்பந்தர். அவருடைய பதிகங்களாக இன்று 380-க்கு மேல் கிடைக்கின்றன. சில விலக்குகள் நீங்கலாக, எந்த ஊரைப் பாடினாலும் எட்டாம் பாட்டில் இராவணனும் ஒன்பதாம் பாட்டில் தேடித் தோற்ற இருவரும் வந்துவிடுவர். அண்ணாமலைக்கு மட்டும் உரிய தலபுராணமாக அவர் இதைக் கருதவில்லை என்பது இதனால் விளங்கும். ஒவ்வோர் ஊரிலும் சொல்ல வேண்டிய செய்தியாக இதைக் கொண்டார். அண்ணாமலை மீது அவர் பாடிய பதிகங்கள் இரண்டு. அவற்றில் அருவிகள் முழவு போல ஒலிக்கின்றன. காடும் விலங்குகளும் நிறைந்திருக்கின்றன. அவர் கண்டது உயிருள்ள ஈரமான ஒரு மலை.

ஆனால், இக்கதையை என் மனத்தில் புரட்டிப் போட்டவர் அப்பர். ஐந்தாம் திருமுறையில் 'இலிங்கபுராணக் குறுந்தொகை' என்றே ஒரு பதிகம் இருக்கிறது. முழுவதும் இந்த ஒரு கதைதான். இருவரும் ஏன் காணவில்லை என்று அப்பர் ஆராய்கிறார். இறைவன் அளவற்றவன், அதனால் காண முடியவில்லை என்ற விடையைத்தான் நாம் எதிர்பார்ப்போம். அப்பர் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் சொல்லும் காரணங்கள் மிக எளியவை. அவர்கள் மலர் கொய்யவில்லை, நீர் கொண்டு ஆட்டவில்லை, சாணமும் நீரும் துடைப்பமும் கையில் எடுக்கவில்லை, பூக்கூடை சுமக்கவில்லை, எருக்கம்பூவைக் கட்டவில்லை, மனத்தின் பொய்யைப் போக்கவில்லை. இவை ஒன்றும் செய்யாமல் காண மட்டும் விரும்பினார்கள் என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார்.

துடைப்பம் எடுக்கவில்லை என்று இரண்டு தெய்வங்களின் மேல் குற்றம் சாட்டுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அப்பருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியபுராணம் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவர். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் விடியும் முன் சென்று அலகிட்டு, மெழுகிட்டு, மாலை தொடுத்தவர். அலகிடுதல் என்பது பெருக்குதல். சூலை நோயோடு ஓடிவந்த தம்பிக்குத் திருநீறு தந்தவர் அவரே. பின்னர் அப்பரும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். படைப்பவனும் காப்பவனும் தேடித் தோற்ற பொருளை விதவைக் கோலம் பூண்டு வாழ்ந்த ஒரு பெண் துடைப்பத்தோடு அடைந்ததை வீட்டிலேயே கண்டவர் அவர். அதனால்தான் அப்படிப் பாட முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

அப்பதிகத்தின் கடைசிப் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருவரும் எங்கெங்கும் தேடுகின்றனர், காணவில்லை. அப்போது இறைவன், இங்கே இருக்கிறேன் என்று சொல்லி இலிங்கத்தில் தோன்றுகிறான். எங்கும் என்பதற்கு எதிராக இங்கு என்ற சொல்லை வைத்தார் அப்பர். உயரமும் ஆழமும் தேடியவர்களுக்குக் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

ஏறத்தாழ 13 நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர், வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். அவருடைய அருணாசல அஷ்டகம் சொல்வதன் சாரம் இது: உருவமாக எண்ணி அணுகினால் நீ நிலத்தின் மேல் மலையாக நிற்கிறாய், அருவமாக எண்ணித் தேடினால், ஆகாயத்தைக் காண உலகமெல்லாம் அலைபவன் கதைதான். ரமணரின் நெறி அத்வைதம். அப்பரின் நெறி தொண்டு. தத்துவ நூல்களில் இவ்விரண்டும் தனித்தனி அலமாரிகளில் இருக்கும். மலையடிவாரத்தில் இரண்டும் சொல்வது ஒன்று போலவே எனக்குப் படுகிறது. ரமணரின் அக்ஷரமணமாலை மலையையே தலைவனாக விளித்துப் பாடியது. 1950 ஏப்ரல் 14 வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல், அவர் அந்த மலையின் பக்கத்தை விட்டு நீங்கவில்லை.

மலையே இலிங்கம் என்பது கவிஞரின் மிகைக்கூற்று அன்று. கோயிலின் நடைமுறைகளே அதன் மேல்தான் நிற்கின்றன. கார்த்திகைத் தீபம் முடிந்த பின்னும், தை மாதத் திருவூடலை ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை அண்ணாமலையாரே புறப்பட்டு மலையை வலம் வருகிறார். கடவுள் கடவுளையே வலம் வருகிறார் என்றால், கோயிலுக்குள் இருக்கும் திருவுருவத்துக்கும் மூத்ததாக மலையை வைத்திருக்கிறார்கள் என்பதே பொருள். இதைவிட நுட்பமான இன்னொன்றும் உண்டு. தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, கொடிமரத்தின் அருகே அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தர, மலை உச்சியில் பருவதராஜ குலத்தார் பெருந்தீபத்தை ஏற்றுகின்றனர். அது பதினொரு நாள் எரிகிறது. அதன் பின், இறைவனின் திருமேனியான மலையின் மேல் மனிதர் கால்பட ஏறியதற்காகப் பிராயச்சித்த பூசை செய்கின்றனர். தீபத்துக்காகத்தான் ஏறினோம், ஆயினும் ஏறியது ஏறியதுதான் என்ற கூச்சம் அதில் இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்றைய திருவண்ணாமலையில் குறைந்து வருவது அதுதான். ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு நாம் எண்களை அடுக்குகிறோம். மலையின் உயரம் 2,668 அடி. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கொப்பரைக்கு இத்தனை ஆயிரம் கிலோ நெய். சென்ற பௌர்ணமிக்கு இத்தனை லட்சம் பேர். எண்களில் தவறில்லை, நானும் இப்போது சொல்லிவிட்டேன். ஆனால், அன்னமும் பன்றியும் செய்த வேலையும் இதுதான். காரிலேயே கிரிவலம் முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அப்பர் ஒன்றும் பாடவில்லை.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இளகி, அடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஐந்து சிறுவர் சிறுமியர் உள்பட ஏழு பேர் உயிரிழந்தனர். பன்னிரண்டு நாள்களில் தீபம். அந்த ஆண்டு பக்தர்களுக்கு மலையேற அனுமதி இல்லை. தீபம் ஏற்றும் பணிக்கு உரியவர்கள் மட்டும் சென்றனர். மரபு தடைபட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால், அந்த வீட்டில் இருந்தவர்களை நினைத்து வருந்திய அளவுக்கு, அங்கே ஏன் வீடு கட்ட நேர்ந்தது என்று நாம் கேட்டோமா?

சரிவில் குடியிருப்பவர்களைக் குற்றவாளிகளாக்குவது எளிது. ஊருக்குள் ஓர் இடம் வாங்க முடியாதவர்கள்தான் பாறைக்குக் கீழே வீடு கட்டுகிறார்கள். ஊருக்குள் நிலம் எட்டாத விலைக்குப் போனது ஏன் என்று கேட்டால் விடை கிரிவலப் பாதையிலேயே கிடைக்கும்: தங்கும் விடுதிகள், மனைப்பிரிவுகள், மலையைப் பார்த்த அறைகள். மலையைக் காண வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க, மலையோடு பிறந்தவர்கள் மலைமேல் தள்ளப்படுகிறார்கள். மாற்று இடமும் வீடும் தராமல் சரிவை மீட்பது பற்றிப் பேசுவது நேர்மையாகாது. இதைச் சொல்வதற்கு நிலவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆன்மிகக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: மலை இறைவனின் திருமேனி என்பதை நம்புகிறோம் என்றால், அங்கே தோண்டும் ஒவ்வொரு கடைக்காலும் சமயத்தின் பேச்சுக்குள்தான் வருகிறது. நம்பவில்லை என்றால் பிராயச்சித்த பூசையும் வேண்டியதில்லை.

துடைப்பமும் பூக்கூடையும் எடுத்தவர்கள் இன்றும் இல்லாமல் போகவில்லை. மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்கள் மரம் நட்டு, கோடையில் குடம் குடமாக நீர் சுமந்து சென்று ஊற்றியிருக்கிறார்கள். தீப்பிடிக்கும் மாதங்களில் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே நெருப்பை அணைத்திருக்கிறார்கள். இன்று மலையின் சில பகுதிகளில் தெரியும் பசுமை அவர்கள் கையால் வந்தது. நெருப்பின் தலத்தில் நெருப்பை அணைப்பதும் வழிபாடாகிறது.

பௌர்ணமி கழிந்த விடியலில் கிரிவலப் பாதை எப்படி இருக்கும் என்று அங்கே ஒருமுறையாவது நடந்தவர்களுக்குத் தெரியும். அன்னதானம் வழங்கிய பாக்குமட்டைத் தட்டுகள், தண்ணீர்ப் புட்டிகள், கற்பூர உறைகள், மிதிபட்ட பூக்கள். இந்திர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திசை லிங்கங்களைத் தொழுதவர்கள் அதற்குள் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்விட்டிருப்பார்கள். அந்நேரத்தில் சாலையின் இரு பக்கத்திலும் பெண்கள் சிலர் குனிந்து பெருக்கிக் கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் மலை இருக்கும். ஒருவரிடம், நீங்கள் கிரிவலம் போவதுண்டா என்று கேட்டேன். மாதா மாதம் இந்தப் பாதையிலேதானே இருக்கிறேன், தனியாக எதற்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, குப்பையைக் கூடையில் அள்ளினார்.