வலிக்குப் பெயர் தெரியும்வரை

அமிர்தியில் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார் என்று கேட்காமலே தெரிந்துவிடும். கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். மழையில் நனையாமலிருக்க அதை ஒரு துணிக்கடைப் பைக்குள் செருகியிருப்பார்கள். வேலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அது ஒரு நாள் கூலி போகிற பயணம். என் தம்பி ஆறு வருடம் அப்படிப் போய்வந்தான்.

இடுப்பு வலி 22 வயதில் ஆரம்பித்தது. மூட்டை தூக்கியதில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். பிறகு வாயு என்றார்கள். ஒருவர் டிஸ்க் விலகியிருக்கலாம் என்று இடுப்பு பெல்ட் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. 'ஒன்றுமில்லை' என்ற சொல் வீட்டுக்கு நிம்மதி தந்தது. அவனுக்குத்தான் அது தண்டனை.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நடப்பான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் செருப்புக்குள் காலை நுழைப்பான். ஒன்பது மணிக்குக் கொல்லையில் மண்வெட்டி பிடித்துவிட்டால் பாதி வலி போய்விடும். அதனாலேயே நாங்கள் நம்பவில்லை. வலி இருக்கிறவன் வேலை செய்தால் எப்படிச் சரியாகும்? சோம்பல் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கேட்கப்படாமல் போன கேள்வி

கடைசியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "காலையில எழுந்தா எவ்வளவு நேரம் இடுப்பு விறைப்பா இருக்கு? படுத்தா குறையுதா, நடந்தா குறையுதா?"

"நடந்தாத்தான் சார் குறையுது. படுத்தா கூடுது."

ஆறு வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. சுளுக்கும் டிஸ்க் வலியும் பெரும்பாலும் ஓய்வில் அடங்கும். ஓய்வில் கூடி அசைவில் குறைகிற வலி வேறு வகை. 45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். இப்படியிருந்தால் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். தம்பிக்கு இருந்தது அதுதான். உடலின் எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பின் அடியிலுள்ள மூட்டுகளைத் தாக்குகிறது. எக்ஸ்ரேயில் இது தெரியவே பல வருடம் ஆகலாம். எம்.ஆர்.ஐ. முன்னதாகக் காட்டிவிடும். எச்.எல்.ஏ.-பி27 என்ற ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். சிலருக்குக் கண் சிவந்து வலிப்பதும் இதே நோயின் வேலைதான். அதைக் கண் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

ஐரோப்பிய நாடுகளில்கூட இதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 7 வருடம் ஆகிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூன் விழும். போன வருடங்களில் ஒட்டிய எலும்பை மருந்து பிரித்துக் கொடுக்காது.

கொல்லிமலையில் பிறந்தவர் கண்டது

வேலூருக்கும் வலிக்கும் பழைய உறவு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூரின் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நோய் நரம்பைத் தாக்கி வலி உணர்வை அழித்துவிடுகிறது. சூடு பட்டாலும் கல் குத்தினாலும் தெரியாததால் காயத்தின்மேல் காயம் பட்டு விரல் தேய்கிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். வலி இல்லாத உடம்பு காவல் இல்லாத காடு.

அந்தக் காவலாளி கூப்பிடும்போது நாம் செய்வது என்ன? மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கி வாயை அடைக்கிறோம். டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். பெயர் தெரியாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் மோசம். இத்தனைக்கும் தம்பியின் நோய்க்கு முதல் மருந்தே வலி மாத்திரை வகைதான். டாக்டர் கண்காணிப்பில், உடற்பயிற்சியோடு, அளவாக.

வேறு வேடங்கள்

முதுகெலும்பில் காசநோய் வரும். இருமல் இருக்க வேண்டியதில்லை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி ஆகியவை சேர்ந்தால் உடனே பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்.

மாதவிலக்கில் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு படுக்கிற பெண்ணிடம் "எல்லாருக்கும் இருக்கிறதுதான், குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்கிறோம். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். பள்ளிக்கு மாதாமாதம் லீவு போடுகிற மகளின் வலி வழக்கமான வலி அல்ல.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் மூட்டுவாதம் என்று நினைத்த பலரின் வலிக்குக் காரணம் குடிநீரின் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகவும்தான்.

விடாமல் கேட்பது எப்படி

வாரம் ஒரு டாக்டரை மாற்றுவதைத் தேடல் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். அதே எக்ஸ்ரே, அதே ஊசி. ஒருவரிடமே திரும்பப் போய், "நீங்க கொடுத்ததை ஒரு மாசம் சாப்பிட்டேன், குறையலை, அடுத்து என்ன பார்க்கலாம்?" என்று கேட்பதுதான் பலன் தரும். பதில் இல்லையென்றால் எழுத்தில் பரிந்துரை வாங்கிக்கொண்டு மேலே போகலாம். வேலூர் ரோட்டில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.யில் வாதநோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வலி எப்போது தொடங்கியது, எந்த மணிக்குக் கூடுகிறது, எதனால் குறைகிறது, எந்த வேலை நின்றுபோனது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். டாக்டருக்குக் கிடைக்கிற சில நிமிடத்தில் அந்த நோட்டு பேசும். பழைய எக்ஸ்ரே, ரிசல்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதுகு வலியோடு கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ நோட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவு.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாத வலியும் உண்டு. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நாள்பட்ட வலியையே தனி நோயாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கற்பனை என்று சொல்லி அனுப்ப இனி யாருக்கும் இடமில்லை.

உங்கள் வீட்டில் யாராவது மூன்று மாதமாக ஒரே வலியைச் சொல்லிக்கொண்டிருந்தால், முதலில் நம்புங்கள். அடுத்த முறை அவரோடு நீங்களும் பஸ் ஏறிப் போய், "இந்த வலிக்கு என்ன பேர், டாக்டர்?" என்று கேளுங்கள்.