தண்டவாளம் ஏறிய கலங்கரை விளக்கம்

கப்பலுக்கு வழிகாட்ட வேண்டிய கலங்கரை விளக்கம், கப்பலில் இருப்பவர் கண்ணுக்கே தெரியாமல் போனால் எப்படி இருக்கும்?

டென்மார்க்கின் வடமேற்குக் கரையில், ருப்யெர் க்னூட என்ற இடத்தில் அதுதான் நடந்தது. 1900-ஆம் ஆண்டு, கடலோர மேட்டின்மேல் விளக்கை ஏற்றினார்கள். காற்று சும்மா இருக்குமா? மணலை வாரிவாரிக் கோபுரத்தின் முன்னால் குவித்தது. மணல்மேடு வளர்ந்து வெளிச்சத்தையே மறைத்துவிட்டது. மணலை அள்ளிப் பார்த்தார்கள், புல் நட்டும் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 1968-இல் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது கடல். கரையை அரித்து அரித்துக் கோபுரத்தின் காலடிக்கே வந்துவிட்டது. எரியாத விளக்குதானே, விழட்டும் என்று விட்டிருக்கலாம். ஊர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை. 2019-இல் கோபுரத்தை அப்படியே பெயர்த்துத் தண்டவாளத்தில் ஏற்றி, எழுபது மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். நம்ம ஊர்த் தேர்போல, அங்குலம் அங்குலமாக! பொறுப்பேற்று நடத்தியவர் யார் தெரியுமா? உள்ளூர்க் கொத்தனார் ஒருவர்.

கடல் இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. புதிய இடத்தில் ஒரு நாற்பது ஆண்டாவது தாங்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.